உச்சிமாகாளி இறங்க மாட்டான்

மூக்காண்டி மேஸ்திரிக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சாமான் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சிவப்பு பெல்ட்தான்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டுமேல் மூன்று மாடிக்கு ஒரு ஜவுளிக்கடை எழும்பிக்கொண்டிருந்தது. ஆடித்தபசுக்கு முன்னால் கடையைத் திறந்தாக வேண்டும் என்று முதலாளி இப்போதே ஒற்றைக்காலில் நின்றார். ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதியம்மன்கூட அவ்வளவு அவசரப்பட்டதில்லை. வைகாசி வெயிலோ, காலை ஒன்பது மணிக்கே கம்பியைத் தொட்டவன் கையை உதறும் அளவுக்கு இருந்தது.

கட்டடத்தை எடுத்திருந்த கம்பெனி, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பி வைத்தது. ஜாய்லின் என்று பெயர். இருபத்தாறு வயது. ஐந்து கட்டடங்களில் யாரும் விழாமலும் வெயிலில் சுருண்டுவிடாமலும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆட்கள் அவளை ‘சேஃப்டி மேடம்’ என்றார்கள். வந்த முதல் நாளே ஸ்கூட்டியிலிருந்து ஒரு சாக்கை இறக்கினாள். உள்ளே நான்கு பெல்ட், பத்து ஹெல்மெட். சும்மா இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. தோளுக்கு இரண்டு வார், தொடைக்கு இரண்டு வார், நெஞ்சில் ஒரு பூட்டு, முதுகில் கயிறும் கொக்கியுமாக, மாட்டுவண்டிக்காரன் பார்த்தால் தன் சாமான் என்று கேட்டு வாங்கிப் போய்விடுவான்.

“ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல ஏறுனா பெல்ட் போட்டுத்தான் ஏறணும். கொக்கிய தூண் கம்பில மாட்டணும். பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் மாடில ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது. இருவது நிமிசத்துக்கு ஒருக்க தண்ணி குடிக்கணும், தாகம் எடுத்தாலும் எடுக்காட்டாலும்” என்றாள் ஜாய்லின்.

மூக்காண்டி மீசையைத் தடவினார். “ஏம்மா, முப்பது வருசமா சாரத்துல நிக்கேன். இன்னைக்கு வரைக்கும் விழுந்ததில்ல.”

“விழுந்தவங்க யாரும் வந்து அப்படிச் சொல்லதில்ல அண்ணாச்சி. விழாதவங்கதான் சொல்லுதாங்க” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பாண்டிராஜ் கொத்தனாரும் சித்தாள் மாரித்தாயும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போனது.

உண்மையில் அவருக்குக் கோபம் பெல்ட்டின் மேல் இல்லை. கோபத்துக்கு அடியில் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. சித்திரையில் இரண்டு தடவை, உச்சி வேளையில், சாரத்தில் நிற்கும்போதே அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தடவை தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி நடித்துச் சமாளித்தார். இரண்டாம் தடவை அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, கலவை தண்ணியாக இருக்கிறது என்று மாரித்தாயை ஒரு ஏச்சு ஏசினார். கலவை நன்றாகத்தான் இருந்தது, பாவம் அவள். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சாரம் ஏறாத மேஸ்திரியைக் கீழே மணல் சலிக்கத்தான் உட்கார வைப்பார்கள். நேற்றுவரை தன்னிடம் ஏச்சு வாங்கியவனெல்லாம் மேலே நின்று கரண்டியை ஆட்டுவான். இந்த நேரத்தில் போய்ப் பெல்ட்டை மாட்டினால், மேஸ்திரிக்குத் தலைசுற்று என்று தண்டோரா போட்ட மாதிரிதானே?

ஆகவே பெல்ட் போடவில்லை. அவர் போடாததால் பாண்டிராஜும் போடவில்லை. மூன்று பெல்ட், பிளாஸ்டிக் உறையோடு சாக்குக்குள்ளேயே தூங்கின. நான்காவது பெல்ட்டுக்கு மட்டும் ஓர் ஆள் கிடைத்தான்.

மூன்றாம் மாடி முனையில், ரோட்டைப் பார்க்க, தூண் கம்பியோடு சேர்த்து ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார்கள். கட்டடம் எழும்பினால் ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதே. மேஸ்திரியின் மனைவி யோகலட்சுமி கொடுத்துவிட்ட அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டையும் காக்கிக் கால்சட்டையும் போட்டு, உள்ளே வைக்கோலை நன்றாகத் திணித்து, தலைக்கு ஒரு மண்பானையைக் கவிழ்த்திருந்தார்கள். பானையில் கரியால் மீசை வரைந்தது பாண்டிராஜ். மீசை அச்சு அசல் மேஸ்திரி மீசையாகவே அமைந்துவிட்டது. மேஸ்திரியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரியும்.

பெல்ட் தரையில் கிடந்தால் சிமெண்ட் படும், பெல்ட் போட்ட ஆளைப் படம் பிடித்து அனுப்பு என்று வேறு அந்தப் பெண் தினமும் உயிரை எடுக்கிறாள் என்று யோசித்த மூக்காண்டி, பெல்ட்டைப் பொம்மைக்கு மாட்டிவிட்டார். தலையில் ஹெல்மெட்டையும் கவிழ்த்தார். மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் பொம்மை பறந்துவிடக் கூடாது என்று, ஜாய்லின் சொல்லிக்கொடுத்தபடியே, கொக்கியைத் தூண் கம்பியில் பக்குவமாக மாட்டினார். வேலைக்காரர்தான், செய்வதைத் திருந்தச் செய்வார். பிறகு கீழே ரோட்டில் பக்கவாட்டில் தள்ளி நின்று, பானை முகம் தெரியாமல் முதுகுப் பெல்ட் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டார். அடுத்த நிமிடமே ஜாய்லினிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

பத்து நாள் கட்டைவிரலாக வந்து குவிந்தது. பதினோராம் நாள் அவள் புதிதாக ஒன்று கேட்டாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாடி காலியாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். இதென்ன பெரிய காரியம் என்று, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மூக்காண்டி ரோட்டுக்குப் போய் ஒரு படம் பிடித்துப் போட்டார். ஆட்களெல்லாம் கீழே தார்ப்பாய் நிழலில்தான் இருந்தார்கள்.

ஆனால் போன் அடித்தது.

“அண்ணாச்சி, மூணாவது மாடில யாரு நிக்கா?”

“யாருமில்லயேம்மா.”

“படத்துல நிக்காரே! பெல்ட்டு, ஹெல்மெட்டெல்லாம் போட்டுக்கிட்டு. காலைல படத்துல இருந்த அதே ஆளு.”

மூக்காண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மை என்று சொன்னால் பத்து நாள் படத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வாயில் முதலில் வந்தது வெளியே விழுந்தது. “உச்சி... உச்சி...”

“உச்சி வெயில்லன்னுதான் நானும் கேக்குதேன். யாரு அது?”

“உச்சிமாகாளிம்மா! புது ஆளு.”

அப்படித்தான் உச்சிமாகாளி பிறந்தான்.

“இறங்கச் சொல்லுங்க அண்ணாச்சி. தண்ணி குடுங்க. ஆனா பெல்ட்ட எவ்வளவு ஒழுங்கா போட்டிருக்காரு பாத்தீங்களா? அவரப் பாத்து மத்தவங்களும் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மூக்காண்டி பெருமூச்சு விட்டார். அந்த ஒரு பொய்யோடு முடிந்தது என்று நினைத்தார். மறுநாளிலிருந்து ஒன்றரை மணிப் படத்தில் பொம்மை தெரியாதபடி எடுக்க, ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தார். முடியவில்லை. ஊரார் கண்ணெல்லாம் பொம்மைமேல் விழ வேண்டும் என்றுதானே அதை அந்த முனையில் நிறுத்தியது! எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. படமே அனுப்பாமல் இருந்தால் போன் வந்தது.

“இன்னைக்கும் நிக்காரே! சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லிட்டேன்மா. அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

அடுத்த நாள், “சைகை காட்டிச் சொல்லலாம்லா?”

“காட்டுனேன்மா. பிடிவாதக்காரன்.”

அதற்கடுத்த நாள், “தண்ணியாவது குடிச்சாரா?”

“வெரதம் இருக்காம்மா.”

இந்த இடத்தில் மாரித்தாய்க்குப் புரையேறி, பாண்டிராஜ் அவள் உச்சந்தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அதுமுதல் கட்டடத்தில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. காலையில் மாடி ஏறியதும் மாரித்தாய் பொம்மையைப் பார்த்து, “என்ன உச்சிமாகாளி அண்ணாச்சி, ராத்திரி தூங்குனீங்களா?” என்பாள். பாண்டிராஜ் டீ வாங்கும்போது, “ஒண்ணு கூடுதலா ஊத்து, மேல ஒருத்தர் வெரதத்துல இருக்காரு” என்பான். மூக்காண்டி பல்லைக் கடித்தார். அவருக்கு அந்தப் பொம்மையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. தலை சுற்றாமல், தண்ணி கேட்காமல், மீசையை முறுக்கிக்கொண்டு வெயிலில் எப்படி நிற்கிறான் பார், என்று பொறாமைகூட வந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஜாய்லினிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. “அண்ணாச்சி, இன்னைக்கு மத்தியானம் நானே வாரேன். உச்சிமாகாளிகிட்ட நேர்ல பேசணும். இந்த வெயில்ல இப்படியே நின்னா அந்த மனுசன் செத்துருவாரு. இன்னொண்ணு, அஞ்சு கட்டடத்துலயும் பெல்ட்ட ஒரு நாள் விடாம போட்டவர் அவர் ஒருத்தர்தான். அவருக்குப் பரிசு கொண்டாரேன்.”

பரிசா! மூக்காண்டிக்கு வேர்த்தது. வெயிலுக்கு வேர்த்தது வேறு, இது வேறு.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். மூக்காண்டி சோற்றைத் தொடவில்லை. பொம்மையை அவிழ்த்துப் பின்பக்கம் போட்டுவிட்டு, உச்சிமாகாளி கோபித்துக்கொண்டு கடையநல்லூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய திட்டம். மோசமான திட்டம் இல்லை. செய்கிற நேரம்தான் மோசம்.

“எங்க அண்ணாச்சி போறீங்க? மேடம் மூணு மணி வரைக்கும் ஏறக் கூடாதுன்னுருக்காங்கல்லா” என்றான் பாண்டிராஜ்.

“ஏலே, உன் சோலியப் பாரு. தூக்குக்குண்ட மறந்து வச்சிட்டு வந்துட்டேன்.”

மூன்றாம் மாடித் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில், காலையில் குடித்த ஒரு டம்ளர் டீயோடு சரி, தண்ணி என்று ஒரு சொட்டு வயிற்றில் இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் தூணில் பொம்மையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். பெல்ட்டின் கொக்கியைக் கடைசியாகக் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். கொக்கியை முதலில் கழற்றியிருந்தால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்திருக்காது.

கயிறு அறுந்ததும் பொம்மை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. ஐயோ ரோட்டில் விழுந்துவிடுமே என்று மூக்காண்டி இரண்டு கையாலும் தாவிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, சித்திரையில் வந்த அதே இருட்டு, அழைக்காத விருந்தாளியாக வந்து சேர்ந்தது. முதலில் காது இரைந்தது. ரோடு வெள்ளையாகி, பிறகு கறுப்பாகியது. கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ‘யோகலட்சுமி’ என்று மட்டும் நினைத்தார். கை தானாகப் பொம்மையின் நெஞ்சு வாருக்குள் நுழைந்து இறுக்கிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தார்கள். கொக்கிக் கயிறு டக்கென்று விறைத்தது. நின்றது.

சரியாக அப்போதுதான் ஜாய்லின் ஸ்கூட்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடி முனையில், ஒரே மாதிரிக் கட்டம்போட்ட சட்டை, ஒரே மாதிரி மீசை, இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தரத்தில் சரிந்து நிற்கிறார்கள். ஒருவன் பெல்ட் போட்டிருக்கிறான். மற்றவர் போடவில்லை.

“உச்சிமாகாளி!” என்று அவள் கத்தினாள். “விட்டுராதீங்க! அண்ணாச்சிய இறுக்கிப் பிடிச்சிக்கோங்க!”

தார்ப்பாய் நிழலிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். மாரித்தாய் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, “அவன் எங்க பிடிக்கது, அவனே வைக்கலு!” என்றாள். ஜாய்லினுக்கு அது காதில் விழவில்லை. மாடிக்குப் பாய்ந்த பாண்டிராஜின் சட்டையைப் பிடித்து அவள் இழுத்தாள். “பெல்ட் இல்லாம ஏறுனீங்கன்னா மூணு பேராத் தொங்குவீங்க!”

அவன் சாக்கைக் கிழித்து, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் பிய்த்து, தொடைக்குப் போட வேண்டியதில் தலையை விட்டான். ஜாய்லின் இரண்டே இழுப்பில் அதை நேராக்கிப் பூட்டினாள். தன்னுடையதையும் மாட்டிக்கொண்டு படியேறினாள். மேலே போய், கொக்கியைக் கம்பியில் மாட்டி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, மேஸ்திரியையும் அவரைப் பிடித்திருந்தவனையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். இழுத்த வேகத்தில் ஹெல்மெட் உருண்டோடியது. பானை முகம் வெளியே தெரிந்தது. கரி மீசை கொஞ்சம் கலைந்திருந்தது.

ஜாய்லின் அதை உற்றுப் பார்த்தாள்.

“இவர்தான் உச்சிமாகாளியா?” என்று கேட்டாள்.

பாண்டிராஜ் தலையைச் சொறிந்தான். “ஆமா மேடம். காது மந்தம்.”

சிரிக்க அவளுக்கு நேரமில்லை. மேஸ்திரியைப் படிக்கட்டு நிழலுக்குத் தூக்கிவந்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, அட்டையால் விசிறச் சொன்னாள். கண் திறந்து பேச்சு தெளிந்ததும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியை வாய் வாயாகக் கொடுத்தாள். மூக்காண்டி குடித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், எல்லோர் முகத்தையும் பார்த்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

“ஒரு மாசமாவே கண்ணு இருட்டிட்டு வருதும்மா” என்றார். “சொன்னா கீழ உக்கார வச்சிருவாங்கன்னு சொல்லல. அந்தப் பெல்ட்டப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு...”

யாரும் சிரிக்கவில்லை. பாண்டிராஜ் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, “எனக்கும் போன வாரம் ஒருக்க வந்துட்டு அண்ணாச்சி. நீங்க ஏசுவீங்கன்னு நானும் சொல்லல” என்றான்.

ஜாய்லின் ஆட்டோ பிடித்து மேஸ்திரியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாரித்தாயும் கூடப் போனாள். ரத்தம் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஒரு பாட்டில் ஏற்றினார்கள். டாக்டர், “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீரு?” என்று கேட்டார்.

“காலைல ஒரு செம்பு. பெறவு டீ நாலு.”

“அவ்வளவுதானா? ஏன்வே?”

மூக்காண்டி ஜாய்லினைப் பார்த்து நெளிந்தார். பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில், “குடிச்சா இறங்கணும்லா. மூணு மாடி இறங்கி, ரோட்டத் தாண்டி, ஓடைப் பக்கம் போயிட்டு வர அரை மணி நேரமாயிரும். பூச்சு காஞ்சிரும்” என்றார்.

“உங்களுக்காவது ஓடை இருக்கு. எங்களுக்கு அதுவும் கிடையாது. காலைல வீட்ட விட்டு வந்தா சாயந்திரம்தான். நான் டீயே குடிக்கதில்ல” என்றாள் மாரித்தாய், கதவோரம் நின்றபடி.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குடிக்கச் சொன்னவள் ஜாய்லின்தான். குடித்த தண்ணி எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். மூன்று நாளில் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தகரம் அடித்து, தண்ணீர்க் குழாயோடு இரண்டு கழிப்பறை வந்தன. ஒன்றில் ‘பெண்கள்’ என்று பாண்டிராஜ் கரியால் எழுதினான். கரி அவனுக்கு நன்றாகவே கைவந்திருந்தது.

இதற்கிடையில் செய்தி கேட்ட யோகலட்சுமி கட்டடத்துக்கே வந்துவிட்டாள். தார்ப்பாய்க்கு அடியில் சாய்த்துவைத்திருந்த பொம்மையைப் பார்த்தாள். தான் பட்டன் தைத்துக்கொடுத்த சட்டை நெஞ்சுப் பக்கம் கிழிந்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். கன்னத்தில் அறைவதா கையெடுத்துக் கும்பிடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை போல. கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள். பொம்மை பெல்ட்டோடு மறுபடியும் மூன்றாம் மாடி முனைக்கே ஏறியது.

உச்சிமாகாளிக்கு என்று ஜாய்லின் கொண்டுவந்த பரிசு, இருபது லிட்டர் பிடிக்கிற ஐஸ் ஜக். மேலே அவன் பெயரை அச்சடித்து ஒட்டியும் ஆயிற்று, திருப்பிக் கொடுக்க முடியாது. அது மூன்றாம் மாடியில் ஓலைப்பந்தல் நிழலில் உட்கார்ந்தது. “உச்சிமாகாளிகிட்ட போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு ஆட்கள் தண்ணி குடிக்கப் போனார்கள். விரதம் முடிந்துவிட்டது என்று மாரித்தாய் சொன்னாள்.

பத்து நாள் கழித்துத்தான் டாக்டர் மூக்காண்டிக்கு மாடி ஏற அனுமதி கொடுத்தார். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும், தண்ணி குடித்துக்கொண்டு, பெல்ட்டோடு. அதுவரை அவர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். மணலும் சலித்தார். பயந்த மாதிரி யாரும் கேலி செய்யவில்லை. சந்தேகம் கேட்க ஓயாமல் மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பதினோராம் நாள் காலை ஏழு மணி. மூக்காண்டி தானாகவே பொம்மையிடம் போய், ஒவ்வொரு பூட்டாகக் கழற்றி, அந்தப் பழைய பெல்ட்டைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பொம்மை வெறும் சட்டையோடு அதே முனையில் நின்றது. கொக்கியைக் கம்பியில் மாட்டி, இழுத்துப் பார்த்து, வெளிப்பக்கச் சாரத்தில் இறங்கினார். பாண்டிராஜ் ரோட்டில் நின்று படம் எடுத்துக் குரூப்பில் போட்டான். கட்டைவிரல் வரவில்லை. போன்தான் வந்தது. அவன் அதைச் சத்தமாக வைத்து மேலே தூக்கிப் பிடித்தான்.

“பெல்ட் போட்டிருக்கது ஆளா, பொம்மையா?” என்று ஜாய்லினின் குரல் கேட்டது. “எனக்கு நம்பிக்கையில்ல. வீடியோவப் போடுங்க, கைய ஆட்டச் சொல்லுங்க!”

முப்பது வருடமாகச் சாரத்தில் ஏறினால் மூக்காண்டியின் ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். கம்பையோ கயிற்றையோ சுவரையோ. அன்றைக்கு அவர் கரண்டியைச் சட்டியில் வைத்தார். பிடித்திருந்த கம்பிலிருந்து கையை எடுத்தார். முதுகில் கயிறு இழுத்துப் பிடித்திருந்தது. ராஜபாளையம் ரோடே பார்க்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டினார்.